தவளைவாய்க் கவசத்துக்கு உள்துணி தைத்த காலம்

முதலில் குதிரையின் கண்ணை மூடிவிடுவார்கள். நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கும் இரும்புத் தகடு ஒன்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் அதில் துளை இராது. காதுகளுக்குள் கம்பளி அடைப்பார்கள். அதன்பிறகு குதிரைக்கு எதிரே வருகிற குதிரையும் தெரியாது, கூட்டத்தின் இரைச்சலும் கேளாது. மேலே இருப்பவனின் முழங்கால்கள் சொல்வதை மட்டும் நம்பி ஓடும். மேலே இருப்பவனுக்கும் அதைவிட அதிகம் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அவனுடைய தலைக்கவசம் தவளையின் வாய்போல முன்னால் நீண்டு, மேலே ஒரு கீற்றாகத் திறந்திருக்கும். உடம்போடு முன்னே குனிந்தால் மட்டுமே அந்தக் கீற்றால் உலகம் தெரியும். ஈட்டி வந்து முட்டுகிற கணத்தில், மரச்சிராய் கண்ணில் பாயாதிருக்க, நிமிர்ந்துவிடுவான். நிமிர்ந்தால் முழு இருட்டு.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மன் தேசத்து நகரச் சதுக்கங்களில் இதைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். அந்தக் கவசங்களில் ஒன்று லண்டனில், ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை அதன் பக்கத்தில்தான் கழித்தேன். இரும்பில் எனக்கு வேலை இல்லை. இரும்புக்கும் மனிதத் தலைக்கும் நடுவே இருக்கிற துணிதான் என்னுடைய வேலை.

இப்போது ஓய்வுபெற்று, கிழக்கு லண்டனில் குட்மேய்ஸில் இருக்கிறேன். அண்மையில், என்னோடு வேலை செய்தவர்கள் புதிய காட்சிக்கூடத்தைப் பார்க்க அழைத்திருந்தார்கள். கவசத்தின் பக்கத்தில் ஒரு வாங்கு. அதில் உட்கார்ந்தால் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை முகத்தில் மாட்டிவிடுகிறார்கள். கண்ணாடிக்குள் புல்வெளி, கொடிகள், எதிரே பாய்ந்து வருகிற குதிரை. மோதுகிற நேரத்தில் எல்லாம் கறுத்துப்போகிறது. கழற்றியதும், "எப்படி இருந்தது?" என்று சுற்றி நின்று கேட்டார்கள். நன்றாக இருந்தது என்றேன். பொய் இல்லை. ஆனால் திரும்பி வருகிற ரயிலில் யோசித்தேன்: அந்தக் கண்ணாடிக்குள் லினன் துணியின் வாசம் இல்லை. சொந்த மூச்சு இரும்பில் பட்டுத் திரும்பி வந்து கன்னத்தைத் தொடுவது இல்லை. அந்தக் கவசத்தோடு வேலை செய்த காலத்தைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டதால் எழுதுகிறேன். தமிழில்தான் முதலில் வருகிறது. ஏன் தமிழில் வரவேண்டும் என்பது போகப் போகத் தெரியும்.

மன்னாரிலிருந்து வந்த புதிதில் லண்டனின் வடக்கே எட்மண்டனில் கலியாண உடுப்புத் தைக்கிற இடமொன்றில் இருந்தேன். ஞாயிறுகளில் பங்குக் கோயிலின் பீடத்துணிகள் என் பொறுப்பு. பழந்துணி பேணுவதற்கென்று மாலை வகுப்பு இருப்பதைக் கோயிலில் ஒருவர் சொல்லக் கேட்டுச் சேர்ந்தேன். படிப்பு முடிந்த வேளையில் அருங்காட்சியகம் ஆள் தேடியது. இவ்வளவுதான் என் ஆயத்தம். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது என் கணவர் மரியதாஸ் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை உயர்த்தினார்.

"செத்துப்போன ஜெர்மன்காரனுக்குத் தொப்பி தைக்கவோ லண்டனுக்கு வந்தனீர்?"

"உயிரோடை இருக்கிற ஆக்கள் நான் தைச்சதுக்கு என்ன மரியாதை தந்தவை?" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஆனால் அடுத்த நாள் காலையில் என்னுடைய சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைத்திருந்தார்.

கவசங்களைப் பேணும் பட்டறையின் தலைவர் ஹியூ. வேல்ஸ் பக்கத்து மனிதர். நெடுநெடுவென்று உயரம், ஆனால் எல்லா வேலையையும் உட்கார்ந்தே செய்வார். நான் முதல் நாள் "சேர்" என்று கூப்பிட்டபோது, தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஒரு கவசத்தை அதன் மரத்தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டைத் தொடுவதற்கு முன்னும் வாய் முணுமுணுத்தது. செபம் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான் கேட்டது. "இப்போது இடது தோள். இப்போது கொக்கி. சற்றுக் குளிராக இருக்கும், என் கை." உள்ளே ஆள் இல்லாத கவசத்துக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சில வாரங்களில் எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஹியூ யாரையும் திட்டியதில்லை. தையல் சரியில்லையென்றால் அந்தத் துணியை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவார். சரியாக இருந்தால் நிமிர்த்தி வைப்பார். காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றுமுன் மேசையைத்தான் பார்ப்பேன். முதலாவது ஆண்டில் பெரும்பாலும் கவிழ்ந்தே கிடந்தது.

உள்துணி என்பது லேசான காரியம் இல்லை. லினன் துணியை இரட்டையாக எடுத்து, நடுவில் ஆளிச்செடியின் நாரை அடைத்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு, நெற்றி, கன்னம், பிடரி எல்லாவற்றையும் மூடுகிற தொப்பியாகத் தைக்க வேண்டும். நார் ஓரிடத்திலும் கட்டியாகத் திரளக்கூடாது. திரண்டால், மோதும்போது அந்தக் கட்டி மண்டையில் கல்லாக இறங்கும். தொப்பியின் நான்கு பக்கமும் நாடாக்கள். தலையில் தொப்பியைக் கட்டியபின், வாளியைப் போலப் பெரிதான இரும்புக் கவசத்தை மேலிருந்து இறக்குவார்கள். அதன் சுவரில் சோடி சோடியாகத் துளைகள். வெளியே நிற்பவர் அந்தத் துளைகளால் நாடாக்களை இழுத்தெடுத்து முடிச்சுப் போட வேண்டும். எல்லா நாடாவும் ஒரே இறுக்கத்தில் இருந்தால், இரும்பு எங்கேயும் தொடாமல், முட்டைக்குள் கரு நிற்பதுபோலத் தலை நடுவில் நிற்கும். கவசத்தின் பாரம் கழுத்தில் விழாது. முன்னால் திருகுகளால் மார்புக் கவசத்தோடும், பின்னால் வாராலும் கொளுக்கியாலும் முதுகுத் தகட்டோடும் அதைப் பிணைத்துவிடுவார்கள். அதன்பிறகு உள்ளே இருப்பவனால் தன் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. தானாகக் கழற்றவும் முடியாது. அவனைக் கட்டியவர்கள்தான் அவிழ்க்க வேண்டும்.

உள்துணி தைப்பவர் ஒரு தடவையாவது உள்ளே இருந்து பார்க்க வேண்டும் என்பது ஹியூவின் பிடிவாதம். அருங்காட்சியகம் அந்தக் கவசத்தைப் போலவே ஒரு பிரதியைச் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரு பிற்பகல், பட்டறையின் கண்ணாடிக் கூரையால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, என்னை ஒரு முக்காலியில் இருத்தி மார்புத் தகட்டைப் பூட்டினார்கள். "இப்போது தலை," என்றார் ஹியூ. உலகம் போய்விட்டது.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. முதலில் பயந்தேன். பிறகு என் மூச்சு எனக்குக் கேட்கத் தொடங்கியது. யாரோ மிக அருகில் உறங்குவதுபோல அது போய் வந்தது. ஆளிநாரில் வைக்கோல் வாசமும் வெயில் வாசமும் கலந்திருந்தன. குனிந்தேன். கீற்றில் ஹியூவின் முழங்கால்களும் தரையில் ஒரு துண்டு வெயிலும் தெரிந்தன. நிமிர்ந்தேன். ஒன்றும் இல்லை. மீண்டும் குனிந்தபோது அந்த வெயில் அதே இடத்தில் இருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கழற்றியபின் ரயிலேறி வீடு வருகிறவரை எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அப்பாலிருந்து வருவதாகவே கேட்டது.

இன்னொரு விளையாட்டும் அந்த ஜெர்மன்காரர்களிடம் இருந்தது. அதில் மார்பில் மாட்டிய கேடயத்துக்குப் பின்னால் ஒரு விசைவில்லும் பூட்டும் ஒளிந்திருக்கும். எதிரியின் ஈட்டி சரியான இடத்தில் குத்தினால் பூட்டு விலகி, கேடயம் துண்டு துண்டாகச் சிதறித் தலைக்கு மேலே பறக்கும். யாருக்கும் காயம் இல்லை. பார்ப்பவர்களின் ஆனந்தத்துக்காக மட்டும் ஒரு மனிதனின் நெஞ்சு வெடித்து ஆகாயத்தில் பறக்கும். அதையும் செய்து பார்த்தோம். பின்முற்றத்தில் ஒரு மரக்கட்டையில் பூட்டி, ஹியூ நீண்ட கழியால் குத்திக் குத்திப் பார்ப்பார். நாட்கணக்காக அது அசையவில்லை. ஒருநாள் மழை விட்டு வெயில் வந்த நேரம், அவர் அலுத்துப்போய் லேசாகத் தட்டினார். படீரென்ற சத்தம். நான் சிவப்புத் தோல் போர்த்தித் தைத்த துண்டுகள் எல்லாம் முற்றத்துக்கு மேலே எழும்பி, ஈர வெளிச்சத்தில் மெல்லச் சுழன்றன. புறாக்கள் அவற்றோடு சேர்ந்து பறந்தன. எது புறா, எது கேடயம் என்று ஒரு கணம் தெரியவில்லை. கடைசித் துண்டு சைக்கிள் கொட்டகையின் கூரையில் விழுந்தது. ஹியூ கழியைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிரதி முழுமையானபோது அதை அணிந்து உண்மையாகவே குதிரையேற ஒருவர் வேண்டியிருந்தது. மத்தியாஸ் என்ற ஜெர்மன்காரர் வந்தார். பவேரியாவில் சேணம் தைப்பவர். இத்தகைய போட்டிகளில் ஓடிப் பழகியவர். அவரும் நானும் ஊசிக்காரர் என்பதால் அதிகம் பேசாமலே பிடித்துப்போயிற்று. அவருடைய தலைக்கென்றே புதிய உள்துணி தைத்தேன். வலது காதுக்குப் பின்னால் சின்ன மேடு ஒன்று இருந்தது. அங்கே நாரைக் குறைத்தேன். நாடா கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஏதோ முனகுவார். எந்தப் பாட்டு என்று கேட்டதற்கு, பாட்டு இல்லை, தன் குதிரை லாயத்தில் நிற்கும்போது போடுகிற சத்தம் என்றார்.

அணிவித்துப் பார்க்கிற நாட்களில் மருத்துவர் ஒருவரும் வரவேண்டும் என்று விதி. டொக்டர் வசந்தி வந்தார். தமிழ்நாட்டுப் பெண், வீடு ரெய்னர்ஸ் லேனில். முதல் நாள் நான் ஊசியைத் தவறவிட்டு "கடவுளே" என்றதைக் கேட்டுத் திரும்பினார்.

"அட, நீங்க தமிழா?"

"ஓம்."

"ஓமா? அப்ப யாழ்ப்பாணமா?"

"மன்னார், டொக்டர்."

"நான் மதுரை. இந்த இரும்புக் கடையில தமிழ் கேட்கும்னு கனவுலகூட நினைக்கலை அக்கா." அன்றிலிருந்து நான் அவருக்கு அக்கா.

ஈட்டி ஓட்டம் நடந்தது லண்டன் ஓரத்தில், ஹரோவுக்கு அப்பால் ஒரு பழைய மாளிகையின் தோட்டத்தில். கோடையின் தொடக்கம். புல் நீளமாக வளர்ந்து காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. சனங்கள் கயிற்றுக்கு அப்பால் பாய் விரித்து இருந்தார்கள். குதிரையில் ஏறுவதற்குச் சில்லுப் பூட்டித் தள்ளுகிற மரமேடை ஒன்று வைத்திருந்தோம். ஹியூ தனது வழக்கப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பூட்டினார். நான் நாடாக்களை இழுத்து முடிந்தேன். மத்தியாஸ் முனகினார். பிறகு முனகல் இரும்புக்குள் போய்விட்டது.

மத்தியாஸுக்கு எதிரே ஓட இன்னொரு வீரரும் கவசத்தோடு வந்திருந்தார். முதல் ஓட்டங்கள் அழகாக நடந்தன. ஈட்டிகளின் நுனியில் கூர் இல்லை. மூன்று பல் கொண்ட மொட்டை முனை. அது மரக்கேடயத்தில் பற்றி, ஈட்டி முறிந்து, சிராய்கள் தும்பிகள்போல எழும்பும். சனங்கள் கைதட்டுவார்கள். குதிரைகள் ஒன்றையும் அறியாமல் ஓடி முடித்து நிற்கும்.

கடைசி ஓட்டத்தில் எதிரே வந்தவரின் ஈட்டி சற்றே உயர்ந்தது. கேடயத்தைத் தாண்டித் தலைக்கவசத்தில், கீற்றுக்குக் கீழே முட்டியது. கோயில் மணியை ஒருமுறை மட்டும் அடித்ததுபோல ஒரு ஓசை. ஈட்டி முறியவில்லை. மத்தியாஸ் பின்னால் சாய்ந்து, பிறகு நேராக வந்தார். குதிரை வேகம் குறைந்து புல்வெளியின் நடுவில் நின்றது. அவர் விழவில்லை. முன்னும் பின்னும் உயர்ந்த சேணம் அவரைப் பிடித்து வைத்திருந்தது. சனங்கள் கைதட்டினார்கள். அவர் நிமிர்ந்தபடியே இருந்தார். அசையவில்லை.

அந்தக் கவசத்தின் பயங்கரம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்கு முகம் இல்லை. உள்ளே இருப்பவன் சிரிக்கிறானா, செத்துவிட்டானா என்று வெளியே நிற்கிற எவராலும் சொல்ல முடியாது.

குதிரையைப் பராமரிக்கும் பெண் ஓடிப்போய் அதன் கடிவாளத்தைப் பிடித்து நின்றாள். நாங்கள் மேடையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினோம். ஹியூ ஏறினார். குரலில் எந்த அவசரமும் இல்லை.

"மத்தியாஸ், நான் ஹியூ. உன் இடப்பக்கம் நிற்கிறேன். இப்போது என் காதை மூச்சுத் துளைகளில் வைக்கப்போகிறேன்."

வைத்தார். "மூச்சு இருக்கிறது," என்றார் எங்களிடம்.

டொக்டர் வசந்தி ஆங்கிலத்தில் மத்தியாஸிடம் விரல்களை அசைக்கச் சொன்னார். வலது கை விரல்கள் தொடையின்மேல் கிடந்தன. அசையவில்லை. டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, தமிழ்லயே பேசுவோம். அவருக்குக் கேட்குதுன்னு நினைக்கிறேன். பயந்து தலையைத் திருப்பிட்டா போச்சு. கழுத்து உடைஞ்சிருக்கலாம். இதை மேல தூக்கினா தலையும் கூட வருமா?"

"வரும். துணியும் இரும்பும் நாடாவாலை கட்டியிருக்கு."

"அப்ப தூக்கக் கூடாது. ஆனா உள்ள வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சிடும். வெக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. என்ன பண்றது?"

"நாடாவை வெளியாலை அவிழ்க்கலாம், டொக்டர். அவிழ்த்தா இரும்பு வேறை, துணி வேறை. துணி தலையோடை நிக்கும்."

"நாடா இல்லாம தலை எதுல நிக்கும்?"

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் ஹியூவிடம் தணிந்த குரலில் சொன்னேன். அவர் கவசத்தைச் சுற்றிப் பார்த்தார். "பின்பக்க வாரை எடுத்தால் பிடரிக்குக் கீழே ஒரு இடைவெளி வரும். சின்னக் கைகளாக இருந்தால் போகும்," என்றார். டொக்டர் தன் கைகளைப் பார்த்தார். கையுறையைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

"நான் பிடிக்கிறேன்," என்றார் தமிழில்.

ஹியூ வாரை எடுத்தார். டொக்டர் மேடையில் முழங்காலிட்டு, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் மெல்ல உள்ளே விட்டார். முழங்கைவரை இரும்புக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தடவினார். "பிடிச்சிட்டேன். தொப்பி கெட்டியா இருக்கு அக்கா. நல்லாத் தைச்சிருக்கீங்க. ஆரம்பிங்க."

நான் அவிழ்க்கத் தொடங்கினேன். சாதாரணமாக முடிச்சை ஒரு இழுப்பில் எடுத்துவிடுவேன். அன்றைக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் தலை ஆடும். ஊசியின் பின்பக்கத்தால் முடிச்சைத் தளர்த்தி, நாடாவைத் துளைக்குள் திருப்பித் தள்ள வேண்டும். ஒரு பக்கம் ஒன்று அவிழ்த்தால் எதிர்ப்பக்கமும் ஒன்று. முன்னால் ஹியூ திருகுகளோடு இருந்தார். அவற்றில் ஒன்று அடியில் வளைந்துவிட்டது. எண்ணெய் விட்டு, நகக்கண் அளவு திருப்பி, நிறுத்தி, மீண்டும் திருப்பினார். ஒவ்வொரு முறையும், "இப்போது கொஞ்சம் அசையும், மத்தியாஸ்," என்று சொன்னார்.

"இன்னும் ஒண்டு," என்றேன் நான்.

"ம்."

"இன்னும் ஒண்டு."

"பிடிச்சிருக்கேன்."

அம்புலன்ஸ்காரர்கள் வந்து புல்லில் நின்றார்கள். டொக்டர் திரும்பாமலே அவர்களிடம் இரண்டு வசனம் சொன்னார். அவர்களும் பலகையையும் கழுத்துப்பட்டையையும் ஆயத்தமாக வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். கயிற்றுக்கு அப்பால் அத்தனை சனமும் எழுந்து நின்றது. ஒரு குழந்தைகூட அழவில்லை. காற்று மட்டும் புல்லைச் சாய்த்து நிமிர்த்தியது. குதிரை கண் தெரியாமல், காது கேளாமல், தன் முதுகில் என்ன நடக்கிறது என்று அறியாமல், கல்லில் வெட்டியது போல நின்றது. அது ஒரு காலை மாற்றி வைத்திருந்தால்கூட எல்லாம் முடிந்திருக்கும். ஏதோ ஒரு பழைய ஓவியத்துக்குள் எங்களை எல்லாம் நிறுத்தி வைத்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. நேரம் வெளியே எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"கை மரத்துப்போகுது அக்கா."

"இன்னும் ஒண்டுதான், டொக்டர்."

உண்மையில் இன்னும் சில இருந்தன. அவருக்கும் அது தெரிந்திருக்கும். "சரி," என்றார்.

கடைசி நாடா உள்ளே போனது. அதே நேரம் வளைந்த திருகும் ஹியூவின் கையில் வந்தது. அவரும் இன்னொரு தொழிலாளரும் கவசத்தின் இரு பக்கமும் பிடித்து, கிணற்றிலிருந்து நிறைகுடம் எடுப்பதுபோல நேராக மேலே தூக்கினார்கள். வெள்ளைத் துணித் தொப்பிக்குள் மத்தியாஸின் முகம் வெளிச்சத்துக்கு வந்தது. கண்கள் திறந்திருந்தன. கண்ணோரம் நனைந்திருந்தது. டொக்டரின் கைகள் தொப்பியின் இரு பக்கமும் அப்படியே இருந்தன. கழுத்துப்பட்டை பூட்டியபின்னும் அவற்றை எடுக்க அவருக்கு நேரமாயிற்று. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

மத்தியாஸை இறக்கியபின் குதிரையின் கண்தகட்டைக் கழற்றினார்கள். அது சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய மூச்சொன்றை விட்டு, புல்லைத் தின்னத் தொடங்கியது.

கழுத்தெலும்பு ஒன்று வெடித்திருந்தது. உள்ளே நரம்புத்தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடை முழுவதும் அவர் லண்டனிலேயே வைத்தியசாலையில் கிடந்தார். விரல்களுக்கு உணர்வு மெல்ல மெல்லத் திரும்பியது. நானும் டொக்டர் வசந்தியும் ஒருநாள் பார்க்கப் போனோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ளே எனக்கு எல்லாம் கேட்டது," என்றார். "ஹியூவின் குரல் தூரத்தில் கேட்டது. பக்கத்தில் இரண்டு பெண்கள். எனக்குத் தெரியாத மொழி. நான் இறந்துவிட்டேன், அங்கே பேசுகிற மொழி இதுதான் என்று நினைத்தேன். பயமாக இல்லை. இதைக் கற்றுக்கொள்ள வேண்டும், நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்."

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது," என்றார் மத்தியாஸ். "இன்னு மொண்டு."

"இன்னும் ஒன்று, என்று அர்த்தம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் யோசித்தார். "தெரியாமல் இருந்தது நல்லது. தெரிந்திருந்தால் ஒவ்வொன்றாக எண்ணியிருப்பேன்."

அந்தக் கோடையோடு ஓட்டங்களை நிறுத்திவிட்டார்கள். விசாரணை நடந்தது, யாருடைய பிழையும் இல்லை என்றார்கள். பிரதிக் கவசத்தைப் பெட்டியில் வைத்தார்கள். இலை உதிரத் தொடங்கியபோது மத்தியாஸ் பட்டறைக்கு வந்தார். நடை சரியாக இருந்தது. முகத்தில் பத்து வயது கூடியிருந்தது. அவரால் நித்திரைகொள்ள முடியவில்லை. கண்ணை மூடினால் புல்வெளி வருகிறது, குதிரை வருகிறது, ஈட்டி வருகிறது. முட்டுகிறதற்குச் சற்று முன் விழித்துக்கொள்கிறார். அந்த அடி அவருடைய நினைவில் இல்லை. ஒவ்வொரு நாளும் அது வந்துகொண்டே இருக்கிறது, வந்து சேர்வதில்லை.

"ஒருமுறை உள்ளே இருந்து பார்க்க வேண்டும்," என்றார். "குதிரை வேண்டாம். முக்காலி போதும்."

ஹியூ கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முடியாது என்று தலையாட்டினேன். அந்த நாடாக்களை அவிழ்த்த விரல்களால் மீண்டும் கட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மத்தியாஸ் வற்புறுத்தவில்லை. தொப்பியைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சேணம் தைப்பவரின் விரல்கள் அல்லவா. தையல் தையலாகத் தடவிக்கொண்டு போய், காதுக்குப் பின்னால் நான் நாரைக் குறைத்த இடத்தில் நின்றன. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டொக்டர் வசந்தியை அழைத்தேன்.

"கழுத்துல வெயிட் விழுமா அக்கா?"

"விழாது. எல்லாம் தோளிலைதான்."

"எலும்பு சேர்ந்திடுச்சு, ஸ்கேன் பார்த்தேன். ஆனா நான் இல்லாம பண்ணாதீங்க. இப்பவே வர்றேன்."

அவர் வந்தபின் பூட்டினோம். ஹியூ ஒவ்வொன்றையும் சொன்னார். முன் திருகுகளைப் பேருக்குத்தான் திருகினார். நான் நாடாக்களை இழுத்து, முடிச்சுப் போடாமல் வளையமாக மட்டும் கட்டினேன். மத்தியாஸ் முக்காலியில், முதுகை மரத்தாங்கியில் சாய்த்து இருந்தார். முதலில் மூச்சு வேகமாக வந்தது. டொக்டர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். பிறகு அந்த முனகல் கேட்டது, லாயத்தில் நிற்கிற குதிரையின் சத்தம். அதுவும் தேய்ந்தது. மூச்சு நீளமாயிற்று.

டொக்டர் காதைத் துளைகளில் வைத்தார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"தூங்கிட்டார்."

அதன்பிறகு பட்டறையில் யாரும் சத்தம் போடவில்லை. சுத்தியலை எடுத்தவர் திரும்ப வைத்தார். ஹியூ தொலைபேசியின் வயரைக் கழற்றினார். கண்ணாடிக் கூரையில் மேகங்கள் போயின. கவசத்தின்மேல் வெளிச்சம் ஏறி இறங்கியது. ஒரு தடவை மத்தியாஸின் உடம்பு முழுவதும் உதறி இரும்பு கிலுகிலுத்தது. டொக்டர் எழுந்துவிட்டார். நான் நாடாவில் கை வைத்தேன். ஹியூ எங்களைப் பார்த்துப் பொறுங்கள் என்று தலையசைத்தார். உள்ளே நீண்ட பெருமூச்சொன்று கேட்டது. மீண்டும் அதே அமைதியான மூச்சு. நாங்கள் எழுப்பவில்லை.

வெயில் சுவருக்கு ஏறியபோது அவராகவே விழித்தார். நான் வளையங்களை அவிழ்த்தேன். ஹியூ கவசத்தைத் தூக்கினார். மத்தியாஸ் வெள்ளைத் தொப்பியோடு எங்களைப் பார்த்துக் கண்களைச் சிமிட்டினார்.

"வந்தது," என்றார். "போய்விட்டது."

பிறகு அவரே தொடர்ந்தார்:

"எனக்குப் பசிக்கிறது."

என் பையில், கணவர் காலையில் கட்டித் தந்த, மீன் அடைத்த பணிஸ் ரொட்டி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மார்புத் தகட்டில் துகள்கள் கொட்டக் கொட்டச் சாப்பிட்டார். தொப்பியைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். வாய் நிறைய இருந்ததால், பொறுங்கள் என்று கையால் காட்டினார்.